சொத்தை நகமும் சேற்றுப்புண்ணும்: கைவைத்தியம் எதுவரை உதவும்?



பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அம்மா சொன்ன கதையோடு இந்த மாதப் பகுதியைத் தொடங்குகிறோம். "கால் பெருவிரல் நகம் மஞ்சளாப் போயி, மாவு மாதிரி உதிருது. மருதாணி வெச்சேன், பூண்டு அரைச்சு வெச்சேன். ஒண்ணும் கேக்கல. கடைசியில, பாலு உறைய வைக்கிற ஆசிட்டையே ஒரு சொட்டு விட்டேன். இப்ப நகமும் போச்சு, நடக்கவும் முடியல." வேலைக்குப் போக முடியாமல் அவருக்குப் பல நாள் சம்பளம் போயிற்று.

இந்த அம்மா ஒருவர் மட்டுமல்ல. சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய், குரூண், பாலிங் என்று எந்தப் பக்கம் போனாலும் சொத்தை நகம், சேற்றுப்புண், படர்தாமரை, தேமல் இல்லாத லயம் இல்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குப் போனவர்களுக்கும் இது போய்விடவில்லை. பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். சிலர் கண்டதைத் தடவிக் கெடுத்துக்கொள்கிறார்கள். நம் பாட்டிமார் சொன்ன வைத்தியத்தில் நல்லதும் உண்டு, ஆகாததும் உண்டு. எதைச் செய்யலாம், எது வரை செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

ஏன் நமக்கு இவ்வளவு வருகிறது?

பழைய ரொட்டியில் பூஞ்சணம் பூப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்த இனத்தைச் சேர்ந்த கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் தோலிலும் பிடிக்கும். அவற்றுக்கு வேண்டியவை மூன்று: ஈரம், சூடு, காற்றோட்டமில்லாத மறைவு. அதிகாலைப் பனியிலும் மழையிலும் நனைந்து, ரப்பர் பூட்சுக்குள் ஏழெட்டு மணி நேரம் வெந்து கிடக்கும் நம் கால்களில் மூன்றும் நிறைந்திருக்கின்றன. பால்மரக் காட்டில் வெட்டுகிறவருக்கும், செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும், புல்லுக்கு மருந்தடிக்கிறவருக்கும் இதே நிலைதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கெடாவில் மழை வலுக்கும்போது, நோயும் வலுக்கிறது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கால்விரல் இடுக்கில் வெள்ளையாய் ஊறிப்போய் அரிக்கும் புண்ணும், இடுப்பிலும் தொடையிலும் வட்டம் வட்டமாய்ப் படரும் படர்தாமரையும், நகத்தைச் சொத்தையாக்கும் நோயும் பெரும்பாலும் ஒரே பூஞ்சைக் குடும்பத்தின் வேலை. விரல் இடுக்கில் தொடங்குவது, கவனிக்காமல் விட்டால் நகத்துக்குள் புகுந்துவிடுகிறது. சொறிந்த கையால் இடுப்புக்கும் போகிறது. ஒருவர் பூட்சையும் துண்டையும் இன்னொருவர் எடுத்துப் போட்டால் வீடு முழுக்கப் பரவுகிறது.

நம் முன்னோருக்கு இது தெரியாததல்ல. சுசுருத சம்ஹிதை என்னும் பழைய ஆயுர்வேத நூலில், கெட்ட சேறு பட்டு விரல் இடுக்கு ஈரமாகி அரிப்பும் எரிச்சலும் தரும் நோய்க்கு "அலசம்" என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். கெட்டுக் கறுத்துச் சொரசொரப்பாகும் நகத்துக்குத் தனிப்பெயர், நகத்தைச் சுற்றிச் சீழ் பிடிப்பதற்குத் தனிப்பெயர் என்று பிரித்தே சொல்லியிருக்கிறார்கள். எல்லா நக நோயும் ஒன்றல்ல என்ற அந்த அறிவை நாமும் மறக்கக் கூடாது.

சேற்றுப்புண்: இங்கேயே தடுத்துவிடுங்கள்

விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வைத்தியத்துக்குக் காசு வேண்டாம். வேலை முடிந்ததும் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனியாகத் துடைத்து, காற்றாடக் காய விடுங்கள். கால் துடைக்கும் துணி வேறு, முகம் துடைக்கும் துண்டு வேறாக இருக்கட்டும். பருத்தி காலுறை இரண்டு ஜோடி வைத்து நாளுக்கொன்றாய்த் துவைத்து வெயிலில் காய வையுங்கள். பூட்சைக் கழுவித் தலைகீழாய்க் கவிழ்த்து வையுங்கள். வீட்டில் இருக்கும்போது செருப்பு போதும்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுவது நம் வழக்கம். சுத்தமான அம்மியில், சுத்தமான தண்ணீரில் அரைத்துப் போட்டால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. லேசான அரிப்புக்கு ஆறுதல் தரும். ஆனால் வெடித்து நீர் வடியும் புண்ணில் அப்பி, ஈரத்தோடு துணி கட்டி வைக்காதீர்கள். ஈரம்தான் நம் எதிரி. மருந்தென்று சொல்லி நாமே ஈரத்தைக் கட்டி வைப்பதா?

மருதாணியையும் சேற்றுப்புண்ணுக்கு வைப்பார்கள். அதன் சிவப்புச் சாயத்துக்குப் பூஞ்சையை ஓரளவு அடக்கும் தன்மை உண்டென்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. பெரியவர்கள் இலையை அரைத்து வைக்கலாம். ஆனால் ஒரு முக்கிய எச்சரிக்கை: ஜி.6.பி.டி. குறைபாடு உள்ள பச்சைக் குழந்தைக்கு மருதாணி பூசக் கூடாது. அதன் சாயம் தோல் வழியே உள்ளே போய் இரத்த அணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலைக்கும் இரத்தச் சோகைக்கும் கொண்டுபோய்விடும். நம் நாட்டில் பிள்ளை பிறந்ததுமே மருத்துவமனையில் இந்தச் சோதனை செய்து சொல்லிவிடுகிறார்கள். அந்த அட்டையைப் பத்திரமாய் வையுங்கள். கடையில் விற்கும் "கறுப்பு மருதாணி" வேறு சரக்கு. அதில் தலைமுடிச் சாயம் கலந்திருக்கும், தோல் கொப்பளித்துவிடும்.

ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருந்தகத்தில் குளோட்ரிமசோல் களிம்பு கேளுங்கள். விலை அதிகமில்லை. நாளுக்கு இரண்டு முறை, காய்ந்த தோலில் தடவ வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுவதுதான் நம்மவர் செய்யும் தவறு. தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து போட்டால்தான் வேர் அறும்.

படர்தாமரையும் வண்டுகொல்லியும்

ஓடைக் கரையிலும் சாலை ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மெழுகுவர்த்தி ஏற்றியது போல் மஞ்சள் பூவை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பார்கள். நாம் சீமை அகத்தி அல்லது வண்டுகொல்லி என்கிறோம். "சீமை" என்ற பெயரே அது வெளியிலிருந்து வந்தது என்று காட்டுகிறது. அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மலாய்க்காரர் "குராப்" என்று சொல்லும் படர்தாமரைக்கு அவர்களும் நம்மவரும் ஒரே இலையைத்தான் கசக்கித் தேய்க்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறை 1992-இல் ஏற்றுக்கொண்ட பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. இதற்கு உறவான தகரைச் செடிக்கு, படர்தாமரையை அழிப்பது என்ற பொருளில் வடமொழியில் "தத்ருக்ன" என்றே பெயர்.

ஆகவே இது வெறும் நம்பிக்கை அல்ல. புதிதாய் வந்த ஒன்றிரண்டு வட்டங்களுக்குச் செய்து பார்க்கலாம். இளம் இலையைக் கழுவி, கசக்கி, சாற்றை வட்டத்தின் ஓரத்தையும் சேர்த்து நாளுக்கு இருமுறை தடவுங்கள். முதலில் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்து எரிந்தால் உங்களுக்கு ஆகாது. முகத்திலும் மறைவிடத்திலும் குழந்தைகளுக்கும் வேண்டாம். சாற்றைக் குடிக்காதீர்கள், அது கடுமையாய்ப் பேதியாக்கும். மருந்தடித்த இடத்துச் செடியில் இலை பறிக்கவே பறிக்காதீர்கள்.

இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால், அல்லது வட்டங்கள் பல இடத்தில் வந்தால், கிளினிக்குக்குப் போக வேண்டியதுதான். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரஸ்ஸர் கொடுத்த, தோலை உரித்துவிடும் மருந்தைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதுதான் விட்பீல்டு களிம்பு. பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த அது இன்றும் பயன்படுகிற நல்ல மருந்தே.

இங்கே ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும். "தடவினா உடனே அரிப்பு நின்னுடும்" என்று பசாரிலும் கடையிலும் விற்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதைத் தடவினால் சிவப்பும் அரிப்பும் இரண்டு நாளில் போகும். ஆனால் பூஞ்சை சாகாது. தடை இல்லாமல் உள்ளே பரவும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாய் வரும். வட்டத்தின் உருவமே மாறி, டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். நாள்பட்டால் தோல் மெலிந்து வரி வரியாய் வெடிக்கும்.

தேமலா, வேறா?

முதுகிலும் மார்பிலும் வெளுத்த திட்டாய் வருவது தேமல். மலாயில் பானாவ். நம் எல்லோர் தோலிலும் இருக்கும் ஒரு வகைப் பூஞ்சை, வேர்வை மிகுந்தால் பெருகுவதால் வருகிறது. அசுத்தம் என்று யாரையும் ஏச வேண்டாம். லெங்குவாஸ் என்று சமையலுக்கு வாங்கும் பேரரத்தைக் கிழங்கை வெட்டித் தேய்ப்பது பழைய வழக்கம். லேசான தேமலுக்கு அது கைகொடுக்கலாம், எரிந்தால் நிறுத்திவிடுங்கள். செலினியம் சல்பைடு அல்லது கெட்டோகொனசோல் கலந்த தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவை உடலில் பூசிச் சிறிது நேரம் வைத்துக் குளிப்பது நிச்சயமான வைத்தியம். பூஞ்சை செத்த பிறகும் பழைய நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். "மருந்து கேக்கல" என்று அவசரப்படாதீர்கள்.

ஆனால் வெளுத்த திட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அந்த இடத்தைத் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை, மரத்துப்போயிருக்கிறது என்றால் அது தேமல் அல்ல, தொழுநோயாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால் அது முழுமையாகக் குணமாகிறது. சீக்கிரம் போனால் கையும் காலும் ஊனமாகாமல் தப்பும். இந்த ஒரு திட்டுக்குக் கைவைத்தியம் செய்து நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.

நகச் சொத்தை: பொறுமைதான் பாதி மருந்து

நகத்தில் பூஞ்சை இருப்பது மேலே அல்ல. நகத்துக்கு அடியில், அது ஒட்டியிருக்கும் சதையோரத்தில் இருக்கிறது. மேலே போடும் இலைச் சாறும் எண்ணெயும் கெட்டியான நகத்தைத் தாண்டி அங்கே போவது கடினம். அதனால்தான் படர்தாமரைக்குக் கேட்கும் மருந்து நகத்துக்குக் கேட்பதில்லை. பூண்டின் மீதோ மருதாணியின் மீதோ குற்றம் இல்லை.

இன்னொன்று, கெட்டுப்போன நகம் கெட்டுப்போனதுதான். எந்த மருந்தும் அதைத் திரும்ப நல்லதாக்காது. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து பழையதைத் தள்ள வேண்டும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும்; முழுதாய் மாற ஆறு மாதம். கால் பெருவிரல் நகமோ மாதத்துக்கு 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் வளரும். ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். இந்தத் தைப்பூசத்தில் வைத்தியம் தொடங்கினால், அடுத்த தைப்பூசம் வரை பொறுக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது இது: நகத்தை நேராக, குட்டையாக வெட்டுங்கள். தடித்த இடத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துக் குறையுங்கள். நோய் நகத்துக்கு வைத்த வெட்டியை நல்ல நகத்துக்கு வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். விரல் இடுக்குப் புண்ணைக் கட்டாயம் ஆற்றுங்கள்.

செய்யக்கூடாதது: பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்பளிக்கும். பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலம், பேட்டரி தண்ணீர், மண்ணெண்ணெய் இவற்றை நகத்தருகே கொண்டுபோகாதீர்கள். அமிலம் பூஞ்சையோடு சேர்த்துச் சதையையும் தின்றுவிடும்.

கிளினிக்கில் நகத் தூளைச் சுரண்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதைத் தொந்தரவு என்று எண்ணாதீர்கள். கெட்ட நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வந்தது. மீதி அடிபட்டது, காளாஞ்சகப்படை, வேறு காரணங்கள். பூஞ்சைதான் என்று உறுதியானால் டெர்பினாபின் மாத்திரை கொடுப்பார்கள். கைநகத்துக்குப் பொதுவாக ஆறு வாரம், கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரம். இந்த மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால், இரத்தச் சோதனை செய்து டாக்டர் எழுதிக் கொடுத்தே சாப்பிட வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்தவர் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

மருந்தடிக்கிறவர்கள் கவனிக்க

நகத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் பட்டை விழுகிறது, குறுக்கே பள்ளம் விழுகிறது, நகம் கழன்று வருகிறது. மருந்தடிக்கும் கையில் இப்படி வந்தால் அது பூஞ்சை என்று முடிவு கட்டாதீர்கள். களைக்கொல்லி பட்டாலும் இப்படி ஆகும். பாரகுவாட் கையாண்டவர்களின் நகம் கெட்டதை 1969-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். 2002-இல் தெனாகனித்தா அமைப்பு, நம் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல் கோளாறுகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டே அரசாங்கம் பாரகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. பழைய சரக்கு எங்காவது கிடந்தால் தொடாதீர்கள். இன்று அடிக்கும் மற்ற மருந்துகளும் தோலுக்கு நல்லவை அல்ல. ஒழுகும் தோம்பை முதுகில் மாட்டாதீர்கள். கையுறைக்குள் மருந்து போனால், ஈரத்தோடு போட்டிராமல் கழற்றிக் கழுவுங்கள். இந்த நகத்துக்கு மருதாணியும் உதவாது, மாத்திரையும் உதவாது. விஷம் படுவதை நிறுத்துவதுதான் வைத்தியம்.

நகச்சுற்றும் சொறியும்

நகத்தைச் சுற்றி வீங்கித் தெறித்தால் எலுமிச்சம்பழத்தில் விரலைச் சொருகி வைப்போம். இது பெரும்பாலும் கிருமியால் சீழ் பிடிப்பது; பூஞ்சை அல்ல. குளிர்ந்த பழம் வலிக்கு இதமாய் இருக்கலாம். சீழை அது எடுக்காது. வெடிப்புள்ள விரலில் எரியவும் செய்யும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கருகிப்போகும். அதைவிட, கை பொறுக்கும் சூட்டில் உப்பு வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை விரலை வைத்து எடுத்துத் துடையுங்கள். சீழ் திரண்டுவிட்டால் ஊசியால் நீங்களே குத்தாமல் கிளினிக்கில் கீறி எடுக்கச் சொல்லுங்கள். ஓயாமல் பாத்திரம் துணி கழுவும் பெண்களுக்கு இது வலி குறைவாய், மாதக்கணக்கில் நிற்கும். கையை ஈரமில்லாமல் வைத்தால்தான் ஆறும்.

இரவில் அதிகமாய் அரித்து, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாய் வந்தால், வீட்டில் இன்னும் சிலருக்கும் இருந்தால், அது சொறி. சிறு பூச்சி தோலுக்குள் துளைத்து முட்டை வைப்பதால் வருவது. இதற்கு நம் பழைய வைத்தியர்கள் கந்தகம் கொடுத்தார்கள். அது உண்மையிலேயே பூச்சியைக் கொல்லும் மருந்து, இன்றும் மருத்துவர்கள் கந்தகக் களிம்பைப் பயன்படுத்துகிறார்கள். பெர்மெத்ரின், பென்சைல் பென்சோயேட் ஆகியவையும் உண்டு. எதைப் போட்டாலும் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இரவில் போட்டு, உடுப்பையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்தால்தான் பலன். குப்பைமேனி இலையை உப்போடு அரைத்துத் தடவுவது நம் வழக்கம். ஆனால் அதை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். ஜி.6.பி.டி. குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்தத்தை உடைக்கும்.

டப்பா மருந்து வாங்கும்போது

ஆயுர்வேதம் என்று எழுதியிருந்தாலே நல்லது என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் பதிவு செய்த பாரம்பரிய மருந்தின் மேல் "எம்.ஏ.எல்." என்று தொடங்கி, எண்கள் வந்து, "டி" என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கும். இந்த முறை பாரம்பரிய மருந்துகளுக்கு 1992-இல் வந்தது. எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். ரசம், ஈயம் போன்ற உலோகங்கள் சேர்ந்த மருந்துகள் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுத்த சம்பவங்கள் உண்டு.

உடனே போக வேண்டியவர்கள்

இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காலில் எந்தப் புண் வந்தாலும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும்; வெந்நீர் சுட்டாலும் தெரியாது. விரல் இடுக்கில் ஒரு சிறு வெடிப்பு போதும், கிருமி புகுந்து காலையே இழக்க நேரிடும். படர்தாமரை அடிக்கடி திரும்பி வந்தால் இனிப்புநீர் சோதித்துப் பாருங்கள். கால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால், சிவப்பு மேலே ஏறினால், அன்றே மருத்துவமனை போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சுங்கைப் பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

இந்த நோய் நம் உடம்பில் வந்தாலும், அதன் பாதி வேர் வேலையில் இருக்கிறது. ஓட்டை பூட்ஸ், கிழிந்த கையுறை, ஒழுகும் தோம்பு, கழுவத் தண்ணீர் இல்லாத இடம் இவற்றைச் சகித்துக்கொண்டு வீட்டில் மட்டும் வைத்தியம் செய்தால் நோய் போகாது. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாப்புச் சாதனம் கொடுப்பது முதலாளி கடமை. அதற்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. வேலையால் வந்த தோல் நோய் என்று டாக்டர் சொன்னால் பெர்கேசோவில் மனுச் செய்யலாம். டாக்டர் சான்றிதழ் இருந்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பும் உண்டு: இரண்டு வருடத்துக்குள் 14 நாள், ஐந்து வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். "கேட்டா கங்காணி கோவிப்பாரு" என்று சும்மா இருக்காதீர்கள். உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பூட்ஸ் வரும்.

பீடோங் அம்மாவின் புண் ஆறிவிட்டது. கிளினிக் மாத்திரை முடிந்து, அடியில் அரிசி அளவுக்குப் புது நகம் தெளிவாய் வந்திருக்கிறது. முழுதாய் வளர இன்னும் ஒரு வருடம் ஆகும். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அவர் இப்போது சொல்வது இதுதான்: "வைக்கிறதுன்னா மருதாணி வையுங்க, வேணாங்கல. ஆனா முதல்ல காலத் தொடைங்க. ஒரு வாரத்துல கேக்கலைன்னா, வெக்கப்படாம கிளினிக்குக்குப் போங்க."